பிரேக் விளக்குப் பழுது

காரின் பிரேக் மிதியை அழுத்தும்போது பின்புறச் சிவப்பு விளக்குகள் எரியாமலோ, காலை எடுத்த பிறகும் அணையாமலோ இருக்கும் கோளாறு. ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்பையும் ஹோல்டரையும் பார்க்க வேண்டும். எதுவுமே எரியாவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து மிதிக்கு மேலுள்ள சுவிட்ச். பல கார்களில் உள்ள 21/5 வாட் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஆகவே இரவில் பின்விளக்கு எரிவதை நம்பி பல்பு நன்றாக இருக்கிறதென்று முடிவுகட்டக் கூடாது. பிரேக் பிடிக்கையில் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. ஹோல்டரில் பச்சை பூத்த முனையை உப்புத்தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும். விளக்கு அணையவே இல்லையென்றால், சுவிட்சை அழுத்தும் சிறு ரப்பர் பொத்தான் நொறுங்கி விழுந்திருக்கலாம். போன ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸை ஒருபோதும் போடாதீர்கள். ஒயர் உருகித் தீப்பிடிக்கும்.