பெட்டியின் அகலம்: உலாவிகளின் முரண்பாடும் இணையத் தரநிலைகளின் வளர்ச்சியும்

ஓர் இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியை அமைத்து, அதன் அகலம் 300 பிக்சல் என்று எழுதுகிறோம். உள்ளிருக்கும் எழுத்துக்கும் பெட்டியின் ஓரத்துக்கும் நடுவே இருபுறமும் 20 பிக்சல் பேடிங் விடுகிறோம்; சுற்றிலும் 5 பிக்சல் தடிமனில் பார்டர் போடுகிறோம். திரையில் இந்தப் பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கும்? பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் என்ற, 1996 டிசம்பரில் வெளிவந்த தரநிலையின்படி 350 பிக்சல். 1999இல் விண்டோஸுக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இன்படி 300 பிக்சல்தான். இந்த 50 பிக்சல் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அருகருகே நிற்க வேண்டிய இரண்டு பத்திகளில் ஒன்று இடம் போதாமல் கீழே இறங்கிவிட இதுவே போதும். ஓர் உலாவியில் ஒழுங்காக நின்ற பக்கம் இன்னொன்றில் குலைந்துபோனது.

இணையப் பக்கங்கள் இன்று எல்லா உலாவிகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகின்றன. தரநிலை ஆவணங்கள் வந்ததால் இது நடந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆவணங்கள் 1996 முதலே இருந்தன. ஒற்றுமை வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தவறாக எழுதப்பட்ட பக்கங்களையும் தரநிலை தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட பிறகு, உலாவிகளைச் சோதிக்கப் பொதுவான சோதனைகள் உருவான பிறகுதான் நிலைமை மாறியது. மேற்சொன்ன பெட்டியின் கதையைப் பின்தொடர்ந்து இதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

தோற்றக் காலம்

டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் முதல் உலாவியை எழுதியபோது, தலைப்பு எது, பத்தி எது, இணைப்பு எது என்பதை மட்டுமே பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல் சொன்னது. அவை எந்த எழுத்துருவில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்பது உலாவியின் பாடு. ஆய்வுக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. 1993இல் மொசைக் உலாவி வந்து படங்களும் எழுத்தும் ஒரே பக்கத்தில் கலந்ததும், தோற்றத்தைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று பக்கம் எழுதியவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். நெட்ஸ்கேப் நிறுவனம் யாரையும் கேட்காமல் நடுவில் நிறுத்தவும் எழுத்தின் அளவை மாற்றவும் புதிய குறிச்சொற்களைச் சேர்த்தது.

அதே செர்னில் பணியாற்றிய ஹோக்கோன் வியூம் லீ 1994 அக்டோபர் 10 அன்று வேறொரு வழியை முன்வைத்தார். தோற்ற விதிகள் பக்கத்திலிருந்து தனியே பிரிந்து நிற்கட்டும்; எழுதியவரின் விருப்பமும் வாசிப்பவரின் விருப்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுதித் தோற்றம் உருவாகட்டும் என்பது அவர் யோசனை. ஆர்கோ என்ற உலாவியை எழுதிக்கொண்டிருந்த பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்தார். அப்படி உருவானதே சிஎஸ்எஸ்; அதன் முதல் நிலையை 1996 டிசம்பர் 17 அன்று இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்டது.

ஆனால் உலாவிகள் காத்திருக்கவில்லை. பரிந்துரை முடிவாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, 1996 ஆகஸ்டில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 அரைகுறையான சிஎஸ்எஸ் ஆதரவுடன் வெளிவந்துவிட்டது. நெட்ஸ்கேப் தோற்ற விதிகளை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே எழுதும் சொந்த முறை ஒன்றை டபிள்யூ3சியிடம் கொடுத்தது, அது ஏற்கப்படவில்லை. அதனால் 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, சிஎஸ்எஸ் விதிகளை அந்தச் சொந்த முறைக்கு உள்ளுக்குள் மாற்றிக்கொண்டு வேலை செய்தது. பயனர் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் பக்கத்தின் அலங்காரம் முழுவதும் சேர்ந்தே அணைந்துபோகும். இந்தச் சூழலில் தரநிலையைப் படித்துப் பக்கம் எழுதியவருக்குக் கிடைத்தது ஏமாற்றம் மட்டுமே. ஒழுங்கான வடிவம் வேண்டியவர்கள் அட்டவணைக் குறிச்சொல்லையே சட்டகமாக்கி, அட்டவணைக்குள் அட்டவணை வைத்து, கண்ணுக்குத் தெரியாத சிறு படங்களைச் செருகி இடைவெளி உண்டாக்கினார்கள்.

மைக்ரோசாஃப்டின் கணக்கு

பெட்டியின் அகலத்தில் மைக்ரோசாஃப்ட் செய்தது அப்பட்டமான தவறு என்றே அக்காலத்து வடிவமைப்பாளர்கள் எழுதினார்கள். தரநிலையின் வாசகம் தெளிவாக இருந்ததால் அது தவறுதான். எனினும் அந்தக் கணக்கு அறிவுக்குப் பொருந்தாதது அல்ல. எச்டிஎம்எல் அட்டவணையின் அகலத்தைக் குறிப்பிட்டால் அதன் கோடுகளும் அதற்குள்ளேயே அடங்கும், பொத்தான்களும் அப்படியே. தரநிலையைத் துல்லியமாகப் பின்பற்றும் இன்றைய உலாவிகளிலும் இவ்விரண்டும் கோட்டோடு சேர்த்தே அளக்கப்படுகின்றன. வடிவமைப்பவருக்குத் தெரிய வேண்டியதும் பெட்டி மொத்தமாக எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதே. பாதிப் பக்கம் அகலம் என்று எழுதிவிட்டு 20 பிக்சல் பேடிங் கொடுத்தால், தரநிலைப்படி அது பாதியைத் தாண்டிவிடும். சதவீதத்தையும் பிக்சலையும் ஒரே கணக்கில் கூட்டிக் கழிக்க அன்று சிஎஸ்எஸில் வழியே கிடையாது.

ஆகவே இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சிக்கல் அதனாலேயே கடினமானது. மைக்ரோசாஃப்ட் திருந்தினால், அதன் கணக்கை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்கள் ஒரே இரவில் குலையும். திருந்தாவிட்டால், தரநிலை வெறும் காகிதமாகவே இருக்கும்.

ஒரு வரியில் வந்த உடன்பாடு

1998இல் ஜெஃப்ரி செல்ட்மன், ஜார்ஜ் ஓல்சன், கிளென் டேவிஸ் முதலியோர் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, உலாவி நிறுவனங்கள் தரநிலையை முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே நெருக்கினார்கள். அதே ஆண்டில் டாட் ஃபாரனர் என்ற எழுத்துருக் கலைஞர் இரண்டு பங்களிப்புகளைச் செய்தார். முதலாவது, வண்ணப் பெட்டிகள் சரியான இடத்தில் சரியான அளவில் விழுகின்றனவா என்று ஒரே பார்வையில் காட்டிவிடும் சோதனைப் பக்கம். பின்னாளில் ஆசிட்1 என்று அழைக்கப்பட்டது இதுதான். இரண்டாவது, உலாவிக்குள் இரண்டு காட்டும் முறைகள் இருக்கட்டும், பக்கம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்கட்டும் என்ற யோசனை.

அந்த யோசனைக்கு உயிர் கொடுத்தவர் மேக் கணினிக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் பணியாற்றிய டான்டெக் செலிக். 2000 மார்ச்சில் வெளிவந்த அந்த உலாவி பக்கத்தின் முதல் வரியான டாக்டைப் அறிவிப்பைப் பார்த்து முடிவெடுத்தது. எந்தப் பதிப்பு எச்டிஎம்எல் என்று சொல்லும் அந்த வரியை அதுவரை உலாவிகள் பொருட்படுத்தியதே இல்லை. பழைய பக்கங்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கவும் இல்லை. முழு டாக்டைப் இருந்தால் எழுதியவர் தரநிலை அறிந்தவர் என்று கொண்டு தரநிலைப்படி காட்டு. இல்லாவிட்டால் பழைய வழக்கப்படி காட்டு. யாரும் தம் பழைய பக்கத்தைத் திருத்த வேண்டியதில்லை. புதிதாக எழுதுபவருக்கு ஒரு வரி மட்டுமே கூடுதல் வேலை. 2001 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இதே ஏற்பாட்டை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது: டாக்டைப் இருந்தால் நம் பெட்டி 350, இல்லாவிட்டால் 300. மொசில்லாவும் ஓபராவும் இம்முறையை ஏற்றன.

இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடப் புத்திசாலித்தனமான சமரசம் வேறு இல்லை என்பது என் மதிப்பீடு. டாக்டைப் இதற்காகப் படைக்கப்பட்டது அல்ல. தூய்மைவாதிகளுக்கு அதனால் வருத்தமும் இருந்தது. ஆனால் பழையதை உடைக்காமல் புதியதற்கு இடம் கொடுக்க வேறு எந்த அடையாளமும் பக்கங்களில் இல்லை.

தேக்கமும் தந்திரங்களும்

வழி திறந்த அதே வேளையில் வேகம் நின்றது. போட்டியாளரான நெட்ஸ்கேப் வீழ்ந்துவிட, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பயனர்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிடம் இருந்தார்கள். அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பிழைகளைச் சுற்றிப் போகும் தந்திரங்களே வடிவமைப்பாளரின் அன்றாடத் திறமையாக மாறின.

அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றும் செலிக் வகுத்ததே. விண்டோஸ் எக்ஸ்புளோரர் 5, மேற்கோள் குறிக்குள் வரும் மூடும் அடைப்புக்குறியைக் கண்டால் விதி முடிந்துவிட்டது என்று ஏமாந்து நின்றுவிடும். எனவே முதலில் தவறாகக் கணக்கிடும் உலாவிக்கு ஏற்ற 350 என்ற எண், பிறகு அந்த ஏமாற்று வரி, அதன் கீழே சரியான உலாவிகளுக்கு 300 என்று எழுதினால் இரண்டிலும் பெட்டி ஒரே அளவில் வரும். ஏமாற்று வரிக்காக, கணினி பக்கத்தை உரக்க வாசிக்கும்போது எந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்று சொல்லும் பண்பு பயன்பட்டது. எந்த உலாவியும் அதைப் பொருட்படுத்தாது என்பதே காரணம்.

இக்காலத்தில் தரநிலைக்கு ஆதரவு சேர்த்தது வாதங்களைவிட எடுத்துக்காட்டுகளே. 2002இல் வயர்டு நியூஸ் செய்தித்தளம் அட்டவணைச் சட்டகத்தை விட்டு சிஎஸ்எஸுக்கு மாறியது. 2003 மே மாதம் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தில், ஒரே எச்டிஎம்எல் பக்கம், தோற்ற விதிகள் அடங்கிய ஸ்டைல்ஷீட் மாறும்போதெல்லாம் வேறு வேறு தோற்றம் பூண்டது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. 2005 ஏப்ரலில் இயன் ஹிக்சன் முன்னின்று உருவாக்கிய ஆசிட்2, ஒரு சிரித்த முகத்தை வரையச் சொல்லி உலாவிகளைச் சோதித்தது. சில வாரங்களுக்குள் ஆப்பிளின் டேவ் ஹையட், சஃபாரியின் சோதனைப் பதிப்பைத் தேறச் செய்தார். 2009இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 தேறியது. பத்திரிகைகளும் பயனர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும் வடிவில் பிழை வெளிச்சத்துக்கு வந்தது அந்த முகத்தால்தான்.

பிழைக்கும் ஒரு விதி

டபிள்யூ3சி இதற்கிடையே எதிர்த்திசையில் சென்றது. 2000 ஜனவரியில் வந்த எக்ஸ்எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் இலக்கணத்தின் கண்டிப்பை இணையப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்எம்எல் என்றே அறிவித்து அனுப்பினால், மூடாத ஒரு குறிச்சொல்லுக்காக உலாவி பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்ட வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 வரும் வரை மைக்ரோசாஃப்டின் உலாவிக்கு அப்படி அனுப்பிய பக்கத்தைத் திறக்கவே தெரியாது. ஆகவே எல்லோரும் எக்ஸ்எச்டிஎம்எல் எழுதி, சாதாரண எச்டிஎம்எல் என்று சொல்லி அனுப்பினார்கள். கண்டிப்பு பெயரளவில் நின்றது. தொடக்கத்தில் எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி வைத்தால் எக்ஸ்புளோரர் 6 டாக்டைப்பைக் கவனியாமல் பழைய முறைக்குத் திரும்பிய வேதனையும் சேர்ந்துகொண்டது.

2004 ஜூனில் மொசில்லா, ஓபரா, ஆப்பிள் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் வாட்விஜி என்ற தனிக் குழுவை அமைத்தார்கள். பிழையான பக்கங்களைத் தடுக்க முடியாது, அவற்றைக் காட்டும் விதத்தையாவது ஒன்றாக்குவோம் என்பது அவர்களின் அடிப்படை. தடித்த எழுத்துக்கான குறிச்சொல்லைத் திறந்து, அதற்குள் சாய்வெழுத்தைத் திறந்து, முதலில் திறந்ததை முதலிலேயே மூடினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்று ஒவ்வொரு உலாவியும் ஒரு விடை சொன்னது. ஹிக்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான எச்டிஎம்எல்5, உலாவிகளின் உண்மை நடத்தையை ஆராய்ந்து, எத்தகைய குழப்பமான உள்ளீட்டுக்கும் ஒரே விடை வரும்படி படிப்படியான வாசிப்பு முறையை எழுதியது. ஃபயர்பாக்ஸ் 4 இதை 2011இலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 இதை 2012இலும் நடைமுறைப்படுத்தின. டாக்டைப்பும் 15 எழுத்துகளாகச் சுருங்கியது. எல்லா உலாவிகளையும் தரநிலை முறைக்குக் கொண்டுவரும் மிகக் குறுகிய வரி அது என்பதே தேர்வுக்குக் காரணம். தவறு செய்தவரைத் தண்டிக்கும் தரநிலை தோற்று, தவற்றுக்கும் விதி வகுத்த தரநிலை வென்றது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5ஐ டபிள்யூ3சி பரிந்துரையாக்கியது. 2019இல் எச்டிஎம்எல் பொறுப்பை வாட்விஜி தொடர்ந்து புதுப்பித்துவரும் 'வாழும் தரநிலை'க்கே விட்டுக்கொடுத்தது.

டாக்டைப் சமரசத்தை இன்னொரு முறை செய்துபார்க்கும் முயற்சி மட்டும் பலிக்கவில்லை. எக்ஸ்புளோரர் 8 எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்று பக்கமே சொல்லாவிட்டால் 7ஐப் போலவே நடக்கும் என்று 2008 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. மார்ச்சில் முடிவு மாறியது. முதல் சமரசம் பழையதை ஒதுக்கி வைத்துப் புதியதை இயல்பாக்கியது. இரண்டாவது பழையதையே இயல்பாக்கப் பார்த்தது.

நம் பெட்டிக்கு என்ன ஆயிற்று? அகலத்தை எப்படி அளக்க வேண்டும் என்று எழுதுபவரே சொல்ல உதவும் பாக்ஸ்-சைஸிங் என்ற பண்பு, செலிக் பதிப்பாசிரியராக இருந்த சிஎஸ்எஸ் பயனர் இடைமுக வரைவில் இடம்பெற்றது. எக்ஸ்புளோரர் 8 அதை ஆதரித்த பின் பரவலாகப் பயன்படுத்த முடிந்தது. பக்கத்தின் எல்லாப் பெட்டிகளுக்கும் பார்டரையும் சேர்த்தே அளக்கலாம் என்று 2012இல் இணைய உருவாக்குநர் பால் ஐரிஷ் பரிந்துரைத்தார். 2013இல் பூட்ஸ்டிராப் 3 என்ற வடிவமைப்புக் கருவித்தொகுப்பு அதை இயல்பாக்கியது. சிஎஸ்எஸ் வடிவமைப்பில் நேர்ந்த தவறுகள் என்று அதன் பணிக்குழுவே வைத்திருக்கும் பட்டியலில், பார்டரோடு சேர்த்து அளப்பதே தொடக்கம் முதல் இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. 1990களில் மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கு அதுவே.

தமிழ்ப் பக்கங்கள்

உலாவி நிறுவனங்களின் போட்டியால் வந்த சேதம் தமிழையும் நேரடியாகத் தாக்கியது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாம், டாப் முதலிய குறியீடுகளில் எழுதப்பட்டன. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் வசதியை மைக்ரோசாஃப்டும் நெட்ஸ்கேப்பும் தனித்தனி வடிவங்களில் கொடுத்தன. ஒன்றுக்கென ஆயத்தம் செய்த எழுத்துரு மற்றதில் வேலை செய்யாது. டிஸ்கி பக்கங்கள் தம் குறியீட்டைப் பயனர் வரையறுத்தது என்று அறிவித்துக்கொண்டு உலாவியின் ஊகத்தைத் தடுத்தன. டாக்டைப்பைப் போலவே அதுவும் வேறு நோக்கத்துக்காக வைத்த ஒரு வரியைத் தேவைக்கு வளைத்துக்கொண்டதுதான். யூனிகோடும், எல்லா உலாவிகளும் ஏற்ற பொதுவான இணைய எழுத்துரு வடிவமும் வந்த பின்னரே அந்தத் தொல்லை நீங்கியது.

பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும்போது 'கொ' என்பதை ஒன்றாக எடுப்பது, எழுத்திடைவெளி கூட்டும்போது துணைக்கால் விலகாமல் காப்பது, குறுகிய திரையில் நீண்ட சொல்லை முறையான இடத்தில் உடைப்பது ஆகியவை இன்னும் கவனிக்க வேண்டிய தமிழ்த் தேவைகள். உலாவிகள் இன்று பொதுவான சோதனைத் தொகுப்பு ஒன்றால் சரிபார்க்கப்படுகின்றன; வெப் பிளாட்பார்ம் டெஸ்ட்ஸ் எனும் அத்தொகுப்பில் யாரும் சோதனை எழுதிச் சேர்க்கலாம். ஓர் உலாவியில் தமிழ் எழுத்து பிளந்து தெரிவதைக் காணும் வடிவமைப்பாளர்கள் அதற்கொரு சுற்றுவழி கண்டு நகர்ந்துவிடாமல், அதை ஒரு சோதனையாக எழுதி அங்கே சேர்க்க வேண்டும்.