நரோராவில் இருண்ட 17 மணி நேரம்

1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் நரோரா அணுமின் நிலையத்தின் முதல் அலகில், டர்பைனின் இரண்டு பிளேடுகள் முறிந்தன. இயந்திரம் தாறுமாறாக அதிர்ந்ததில் ஜெனரேட்டரின் சீல்கள் விட்டுப்போயின. உள்ளே இருந்த ஹைட்ரஜன் கசிந்து வெடித்தது, எண்ணெயும் பற்றிக்கொண்டது.

ஜெனரேட்டருக்குள் ஹைட்ரஜனுக்கு என்ன வேலை? குளிர்விக்கும் வேலைதான். காற்றைவிட இலேசானது, வெப்பத்தை வேகமாகக் கடத்துவது. பெரிய அனல்மின் நிலையங்களிலும் இதே ஏற்பாடு உண்டு.

நரோராவில் வெடிப்பைவிட அதைத் தொடர்ந்த தீதான் பெரிய ஆபத்தானது. வழக்கமான மின்சாரத்துக்கும் அவசர மின்சாரத்துக்குமான கேபிள்கள் போதிய தடுப்பின்றி அருகருகே சென்றதால், இரண்டும் எரிந்துபோயின. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும் பயனில்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை புகுந்து ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. 17 மணி நேரம் மின்சாரமே இல்லை.

முதல் நிமிடத்திலேயே உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால், நிறுத்திய உலையும் சுடும்; கதிரியக்கச் சிதைவு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து, அணுப்பிளவு மீண்டும் தொடங்காதபடி போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். தீயணைப்புக்கான டீசல் பம்புகளால் நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். எரிபொருள் பிழைத்தது.

பிழைக்காமல் போயிருந்தால்? யுரேனியத்தைப் பொதிந்திருக்கும் குழாய்கள் சிர்கோனியக் கலவையால் ஆனவை. குழாய் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சிர்கோனியம் நீராவியிலிருந்து ஆக்சிஜனை வேகமாகப் பறிக்கும், மிஞ்சுவது ஹைட்ரஜன். அந்த வினையே வெப்பத்தை உமிழ்வதால் சூடு மேலும் ஏறும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், கூடினால் வெடிக்கும்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் இப்படிப் பிறந்த ஹைட்ரஜன் எரிந்தது. உறுதியான காப்புக் கட்டடம் அதைத் தாங்கிக்கொண்டது. 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. 12ஆம் தேதி முதல் அலகின் கட்டடமும், 14ஆம் தேதி மூன்றாவதும் வெடித்தன. 15ஆம் தேதி வெடித்த நான்காவது அலகின் உலையில் எரிபொருளே இல்லை! மூன்றாவது அலகின் ஹைட்ரஜன், இரண்டுக்கும் பொதுவான புகைபோக்கிக்குச் செல்லும் குழாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அதே ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் மக்கள் போராடியபோது, இங்கும் ஹைட்ரஜன் வெடிக்குமா என்ற கேள்வி எழுந்தது. கூடங்குளத்தில் ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கும் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை இயங்க மின்சாரம் தேவையில்லை.

மூன்று விபத்துகளிலும் குளிர்விப்புக்குத்தான் சோதனை வந்தது. நரோராவில் அது காப்பாற்றப்பட்டது. மற்ற இரண்டிலும் தவறியது. ஆகவே ஒரு அணு உலையின் பாதுகாப்பை எடைபோட விரும்புபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மின்சாரம் மொத்தமாகப் போனால், உலைக்குத் தண்ணீர் எப்படிப் போகும், எத்தனை நாள் போகும்?