பந்தி வஞ்சனை இல்லாத பங்கீடு

பலர் காத்திருக்கும் இடத்தில், முதலில் வந்தவருக்கே முதலிடம் என்பதை நாம் நீதியாகக் கொள்கிறோம். அந்த நீதியிலும் ஒரு குறை உண்டு என்பதைக் கணிதம் எடுத்துக்காட்டிய வரலாறு அறியத்தக்கது.

காத்திருத்தலைக் கணக்கிடும் கலை டென்மார்க்கில் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் 1908-இல் பணியேற்ற ஆக்னர் எர்லாங் என்னும் கணித அறிஞர், அழைப்புகள் தற்செயலாக வந்தாலும் அவற்றின் மொத்தப் போக்கைக் கணக்கிட இயலும் என்று 1909-இல் எழுதினார். எத்தனை தடங்கள் வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பவற்றுக்குரிய சூத்திரங்களை 1917-இல் வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கு அவர் பெயரே வழங்கி வருகிறது.

தொலைபேசியில், ஒருவருக்குக் கிடைத்த தடம் அவர் பேசி முடிக்கும்வரை அவருடையதே. தொடக்ககாலக் கணிப்பொறிகளும் அவ்வாறே இயங்கின. முன்னே நின்ற பெரிய கணக்கு முடியும்வரை, பின்னே இருந்த சிறு கணக்கு காத்துக் கிடக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் 1961-இல் வேறொரு வழியைச் செய்து காட்டினர். இயந்திரத்தின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒருவர் மாற்றி ஒருவருக்கு அளித்தனர். நம் பந்தியில் பரிமாறுபவர் முதல் இலையிலேயே பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவதில்லை. இலைக்கு ஒரு கரண்டியாகப் பந்தி முழுதும் சென்று, மீண்டும் வருகிறார். இதுவும் அத்தகையதே.

இதனால் நன்மை யாருக்கு, நட்டம் யாருக்கு? இதற்கு விடையை லெனார்ட் கிளைன்ராக் 1960-களில் கணித வாயிலாக நிறுவினார். ஒரு கணிப்பொறி தன் நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு வேலையில் இருக்கிறது. வேலையின் சராசரி அளவு 10 விநாடி என்று கொள்வோம். வேலைகளின் வருகையும் அளவும் எர்லாங் 1917-இல் கொண்ட தற்செயல் விதிப்படியே அமையட்டும். வரிசை முறையில், 1 விநாடி வேலை முடியச் சராசரியாக 41 விநாடி ஆகும். பகிர்வு முறையில் 5 விநாடி போதும். 10 விநாடி வேலைக்கு இரு முறையிலும் 50 விநாடியே. 30 விநாடி வேலைக்கோ 70-க்குப் பதிலாக 150 விநாடி ஆகும். பெரிய வேலைக்காரர் முறையிடக்கூடும். ஆயினும் நேயர்களே, பகிர்வு முறையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையின் 5 மடங்கு நேரமே சராசரியாக ஆகிறது என்பதைக் கவனியுங்கள். இதில் பந்தி வஞ்சனை இல்லை. எவர் வேலை சிறிது என்று முன்கூட்டி விசாரிக்கவும் வேண்டியதில்லை. தகவல் வலைகளில் ஒரே தடத்தைப் பலர் பகிரும்போதும் இந்தக் கணக்கு இன்று பயன்படுகிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமை நூற்றுக்கு 90 ஆனால் அந்த 5 மடங்கு 10 மடங்காகும். 95 ஆனால் 20 மடங்காகும். நேர்மையான பங்கீடு காத்திருத்தலை அளவறிந்து பிரித்துக் கொடுக்கும், பற்றாக்குறையைப் போக்காது. ஆகவே, எத்தனை தடங்கள் வேண்டும் என்று எர்லாங் தொடுத்த பழைய வினா இன்றும் விலகவில்லை. பரிமாறுபவர் எத்துணை நேர்மையானவராயினும், உலையிலிட்ட அரிசி பந்திக்குப் போதுமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.