வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் புற்றுநோய் மருத்துவமும்

சூடு, நச்சு, ஆக்சிஜன் பற்றாக்குறை போன்ற நெருக்கடிகளில் செல்கள் கூடுதலாக உண்டாக்கும் காப்புப் புரதங்களே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். பாக்டீரியா முதல் மனிதர் வரை எல்லா உயிர்களிலும் இவை உண்டு. திருவாலங்காட்டுப் பக்கம் கத்திரி வெயிலில் நிற்கும் கரும்புக்கும் இவற்றின் துணை வேண்டியிருக்கிறது. பிற புரதங்கள் சரியான வடிவில் மடிய உதவுவதும், குலைந்தவற்றைச் சீராக்குவதும் இவற்றின் வேலை. மூலக்கூறு எடையை வைத்து எச்எஸ்பி27, எச்எஸ்பி70, எச்எஸ்பி90 என்று பெயர் பெற்றன.

இத்தாலிய அறிவியலர் ஃபெருச்சியோ ரிட்டோசாவின் ஆய்வகத்தில், பழ ஈத் திசுக்கள் இருந்த பெட்டியின் வெப்பநிலையை யாரோ கூட்டிவிட்டார்கள். ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் அதுவரை காணாத இடங்களில் புடைப்புகள் தெரிந்தன. அவை, உறங்கிக்கிடந்த ஜீன்கள் விழித்துக்கொண்டதன் அடையாளம். இதை ரிட்டோசா 1962இல் வெளியிட்டார். அந்த ஜீன்கள் தரும் புரதங்கள் 1974இல்தான் பிடிபட்டன.

புற்றுச் செல் எந்நேரமும் நெருக்கடியில் வாழ்கிறது. திரிந்த புரதங்கள் அதில் ஏராளம். அவை குலையாமல் இயங்க எச்எஸ்பி90 தேவை. மார்பகப் புற்றில் பேசப்படும் ஹெர்2, குடல் கட்டிகளில் காணும் கிட் போன்றவை அதை நம்பியே இருக்கின்றன. ஆகவே ஒன்றை முடக்கினால் பல வழிகள் ஒருசேர அடைபடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். மண் பாக்டீரியா தரும் ஜெல்டனமைசின் எச்எஸ்பி90இல் ஒட்டி அதை முடக்குவது 1994இல் தெரியவந்தது. ஆனால் அது கல்லீரலைக் கெடுத்தது. அதை மாற்றியமைத்தும் புதிதாகவும் உருவாக்கிய பல மருந்துகள் சோதனையோடு நின்றன. நுரையீரல் புற்றுக்கான கனெடெஸ்பிப் சோதனை, பலன் தெரியாததால் 2015இல் நிறுத்தப்பட்டது.

சிக்கல் செல்லின் தற்காப்பிலேயே இருக்கிறது. எச்எஸ்பி90ஐ முடக்கியதும் எச்எஸ்எஃப்1 என்ற ஜீன் இயக்கி விடுபட்டு, எச்எஸ்பி70ஐயும் எச்எஸ்பி27ஐயும் பெருக்கிவிடுகிறது. மருந்தே செல்லுக்குக் கவசம் தேடித் தந்ததுபோல் ஆகிறது. நல்ல செல்களுக்கும் எச்எஸ்பி90 வேண்டும் என்பதால் மருந்தின் அளவைக் கூட்டவும் முடியாது. வயிற்றுப்போக்கும் பார்வைக் கோளாறும் குறுக்கே வரும்.

இன்னொரு பாதை தடுப்பாற்றல். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிரமோத் ஸ்ரீவஸ்தவா, எலிக் கட்டியிலிருந்து பிரித்த ஜிபி96 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் அதே கட்டிக்கு எதிராக எலியைத் தயார்ப்படுத்துவதை அமெரிக்காவில் கண்டார். இப்புரதம் கட்டியின் துணுக்குகளைச் சுமந்திருப்பதே காரணம். நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்தே தயாரிக்கும் விட்டெஸ்பென் தடுப்பூசிக்கு ரஷ்யா 2008இல், சிறுநீரகப் புற்றுக்காக ஒப்புதல் தந்தது. பெரிய சோதனையில், ஒட்டுமொத்த நோயாளிகளிடம் அதன் பலன் நிறுவப்படவில்லை.

எச்எஸ்பி90ஐ முடக்கும் மருந்துகளில் முதலில் ஒப்புதல் பெற்றது பிமிடெஸ்பிப்: ஜப்பான், 2022, பிற மருந்துகளுக்கு மசியாத இரைப்பை-குடல் ஸ்ட்ரோமல் கட்டிக்கு. நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 1.4 மாதத்திலிருந்து 2.8 மாதமானது. இரு மடங்கு என்று சொல்லலாம். நோயாளிக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆறு வாரம்.

வேம்பிலுள்ள ஜெடுனினும் எச்எஸ்பி90இன் வேலையைக் குலைப்பதாக 2006இல் ஆய்வகச் செல்களில் தெரிந்தது. அதை நம்பி வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்துவிட்டு, மருத்துவமனைச் சிகிச்சையை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.