ஒரே குச்சியில் முளைத்த கணினிகள்

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். அதற்கு விதை போடுவதில்லை, முற்றிய தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நடுவார்கள். அதனால் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் நகல்தான். தாய்க்குத் தேமல் நோய் இருந்தால், குச்சி போன வயலுக்கெல்லாம் அந்த நோயும் போகும். கணினி உலகமும் இதே பாடத்தைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

கணினி சொன்னதை மட்டும் செய்யும். தானாக ஒரு ரேண்டம் எண்ணை நினைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஒரு "விதை" எண் கொடுத்தால் அதிலிருந்து நீளமான எண் வரிசையை உருவாக்கும். விதை தெரிந்தவனுக்கு வரிசை முழுவதும் தெரிந்துவிடும். நம் வங்கிக் கணக்கைக் காக்கும் ரகசியச் சாவிகள் பிறப்பது இந்த எண்களில் இருந்துதான்! நெட்ஸ்கேப் பிரவுசர் நேரத்தையும் புராசஸ் எண்களையும் வைத்து விதை செய்தது. 1995ல் இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் என்ற இரு பெர்க்லி மாணவர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள்.

லினக்ஸில் இதற்கு வழி செய்தவர் தியோடர் சோ. 1994ல் அவர் எழுதிய நிரல், விசை தட்டும் இடைவெளி, மவுஸ் அசைவு, டிஸ்க் வேகம் போன்ற கணிக்க முடியாத சங்கதிகளைச் சேர்த்து விதையாக்கியது.

பிறகு விர்ச்சுவல் மெஷின்கள் வந்தன. சர்வராக ஓடும் அவற்றின் முன் உட்கார்ந்து யாரும் விசை தட்டுவதில்லை, மவுஸ் அசைப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நகல். ஓடும் மெஷினை அப்படியே 'ஸ்னாப்ஷாட்' எடுத்தால், சேர்த்து வைத்த விதையும் கூடவே நகலாகிறது. இரண்டு முறை உயிர்ப்பித்தால் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லலாம். 2010ல் தாமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்காட் யிலெக் இருவரும் இதை நிரூபித்தார்கள். டி.எஸ்.ஏ. முறையில் ஒரே ரேண்டம் எண்ணால் இரண்டு வெவ்வேறு செய்திகளுக்குக் கையொப்பமிட்டால், சாதாரணக் கணக்கிலேயே ரகசியச் சாவி வெளியே வந்துவிடும். அப்படித்தான் ஒரு சர்வரின் சாவியை அவர்கள் எடுத்தார்கள்.

தீர்வுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2008லேயே லினக்ஸ் 2.6.26ல் விர்ட்டியோ டிரைவர் சேர்ந்தது. விருந்தாளி மெஷினுக்கு வீட்டுக்கார மெஷின் ரேண்டம் எண்களை ஊட்டும் வழி அது. 2012ல் இன்டெலின் ஐவி பிரிட்ஜ் சிப்பிலேயே ரேண்டம் எண் கட்டளை வந்தது. 2022ல் லினக்ஸ் 5.18ல் ஜேசன் டோனன்ஃபீல்டு சேர்த்த வசதி, "நீ இப்போது நகல், விதையை மாற்று" என்று கெர்னலுக்கே சொல்லிவிடுகிறது.

நகல் எடுப்பதில் தவறில்லை நண்பர்களே, நல்ல விவசாயியும் அதைத்தான் செய்கிறார். ஆனால் குச்சியைச் சோதிக்காமல் அவர் நடுவதில்லை!