வெப்பநிலை அட்டையிலிருந்து தரவுத்தளம் வரை: மைசூரு செவிலியக் கல்வியில் தகவல் திறன் வளர்ந்த வரலாறு

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1906-இல் தொடங்கப்பட்டது. ஊரார் அதை மிஷன் ஆஸ்பத்திரி என்றே அழைத்துவருகிறார்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1924-இல் பெங்களூரில் பிறந்த மைசூர் மருத்துவக் கல்லூரி 1930-இல் மைசூருக்கு இடம் மாறியது. கே.ஆர். மருத்துவமனையும் செலுவாம்பா மருத்துவமனையும் அதன் மாணவர்கள் பயிலும் இடங்களாயின. 1965-இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் துறை ஏற்பட்டது. அந்தத் துறையிலிருந்துதான் 2000-இல் ‘வித்யாநிதி’ என்ற மின்நூலகத் திட்டம் கிளம்பியது. அதே பத்தாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் பெரும் பயிற்சி வளாகத்தை இந்நகரில் எழுப்பியது.

நோயாளியைப் பேணும் கல்வி, தகவலைத் தேடித் தொகுக்கும் கல்வி, கணினிக் கல்வி ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊரில் இவ்வளவு வளம் இருந்தும் இவை செவிலியர் வகுப்பறையில் ஒன்றுசேர நெடுங்காலம் ஆனது. ஏன் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தகவல் திறன் செவிலியக் கல்விக்குள் கணினியை இயக்கும் பயிற்சியாக நுழைந்தது. கிடைத்த தகவல் நம்பத் தகுந்ததா என்று எடைபோடும் பயிற்சியாக நுழையவில்லை. இன்று வரை தொடரும் குறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

எழுதிவைக்கும் தொழில்

செவிலியர் பணி தொடக்கத்திலிருந்தே எழுத்தோடு பிணைந்தது. கிரிமியப் போரில் இறந்த வீரர்களின் கணக்கை 1858-இல் வட்ட வரைபடங்களாக வெளியிட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், அடுத்து இந்தியாவின் பக்கம் திரும்பினார். இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அமைக்கப்பட்ட ஆணையத்துக்காக, இங்குள்ள ராணுவ நிலையங்களுக்கெல்லாம் அச்சிட்ட வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, எத்தனை பேர் எந்த நோயால் இறந்தார்கள் என்று கேட்டுத் திரட்டிய பதில்கள் 1863 அறிக்கையில் சேர்ந்தன. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இருந்தும் இந்த மண்ணின் சாவுக் கணக்கை அவரால் படிக்க முடிந்தது. தரவைத் திரட்டி, ஒப்பிட்டு, காரணம் கேட்பது செவிலியருக்கு வெளியிலிருந்து வந்த வேலை அல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

ஆனால் மருத்துவமனைப் பள்ளிகளில் உருவான பயிற்சி இந்த மரபில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. சென்னை அரசு மருத்துவமனையில் 1871-இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியும், பின்னர் மிஷன் மருத்துவமனைகளில் பரவிய பயிற்சியும் குறித்துவைப்பதை மிகக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தன. வெப்பநிலை அட்டை, உட்கொண்ட நீருக்கும் வெளியேறிய நீருக்குமான கணக்கு, இரவுப் பணி முடிந்ததும் ஒப்படைக்கும் ரிப்போர்ட் புத்தகம் எல்லாம் தவறாமல் நிரம்பின. அவற்றை வைத்து முடிவெடுப்பவர் வேறொருவராக இருந்தார். தகவல் கீழிருந்து மேலே போயிற்று, உத்தரவு மேலிருந்து கீழே வந்தது.

1908-இல் உருவான செவிலியர் சங்கமும் 1910-இல் தொடங்கிய ‘நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா’ இதழும் செவிலியருக்குத் தம் தொழிலைப் பற்றித் தாமே படிக்க, எழுத ஓர் இடம் தந்தன. 1946-இல் நாட்டின் சுகாதாரச் சேவைகளை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தது. அதே ஆண்டில் தில்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும், மைசூர் மாநிலத்துக்கென 1961-இல் செவிலியர், தாதியர், சுகாதாரப் பார்வையாளர் சட்டமும் நிறைவேறின. பதிவும் பாடத்திட்டமும் ஒழுங்குபட்டன. நூலகம் மட்டும் பல பள்ளிகளில் பூட்டிய கண்ணாடி அலமாரியாகவே நின்றது.

பக்கத்தில் இருந்த நூலகப் பள்ளி

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி 1962-இல் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-இல் மைசூர் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. மைசூர் பல்கலைக்கழக நூலகவியல் துறையும் அந்த அலையில் எழுந்ததுதான். வாசகருக்கு உரிய நூலையும் நூலுக்கு உரிய வாசகரையும் சேர்த்துவைப்பது நூலகரின் கடமை, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் அவர் கடமை என்ற ரங்கநாதனின் பார்வை, இன்று ‘தகவல் அறிதிறன்’ என்ற பெயரில் பேசப்படுவதன் முன்னோடி. அமெரிக்காவில் பால் ஸுர்கோவ்ஸ்கி அந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தது 1974-இல்.

செவிலிய இதழ்களுக்கான அச்சுச் சுட்டி அமெரிக்காவில் 1961-இல் வெளிவரத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனை ஒன்றின் நூலகர் எல்லா கிராண்டல், செவிலியர்கள் கேட்டு வந்த கட்டுரைகளுக்காகத் தானே எழுதிவைத்த அட்டைகளிலிருந்து வளர்ந்தது அது. இன்று சினால் என்ற தரவுத்தளமாக இருக்கிறது. ஒரு நூலகர் செவிலியரின் கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்டதிலிருந்து ஒரு துறைக்கே கருவி பிறந்தது.

மைசூரில் அப்படிப்பட்ட சந்திப்பு நிகழவில்லை. 1996-இல் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் பெங்களூரில் ஏற்பட்டபோது, அதுவரை மைசூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த மருத்துவக் கல்வி அங்கே போயிற்று. நூலகவியல் துறை மைசூர் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்திலேயே தங்கிவிட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே தரமும் ஒரே தேர்வும் கிடைத்ததால் அந்த ஏற்பாட்டில் நன்மை அதிகம். ஆனாலும் ஒரே பல்கலைக்கழகக் குடையின்கீழ் இரு துறைகள் கைகோத்திருக்கக்கூடிய வாய்ப்பு நழுவியது.

பிரிந்த இரண்டு பக்கமும் தனித்தனியே நல்ல பணிகள் நடந்தன என்பதுதான் மனத்தை வருத்துகிறது. ஷாலினி அர்ஸ் தலைமையில் வித்யாநிதி, இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றும் முன்னோடி முயற்சியாக வளர்ந்தது. நாடு தழுவிய ஆய்வேட்டுத் தளமான ‘சோத்கங்கா’ வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது இயங்கியது. பெங்களூர்ப் பக்கம் 2003-இல் ‘ஹெலிநெட்’ கூட்டமைப்பு தொடங்கி, சுகாதார அறிவியல் கல்லூரிகள் மின்னிதழ்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளமான பப்மெட் 1997-இலேயே இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருந்தது. 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெற்ற தேசிய உரிமத்தால், இணைய வசதியுள்ள எந்த இந்தியரும் மருத்துவச் சான்றுகளின் மீளாய்வுகளைத் தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்றானது. தெற்காசியக் காக்ரேன் மையம் வேலூர் சி.எம்.சி.யில்தான் இயங்கியது. ஆகவே இரண்டாயிரங்களின் இறுதியில் மைசூர்ச் செவிலிய மாணவிக்குப் படிக்கப் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வாசலுக்கு அழைத்துச்செல்ல ஆள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினைந்து மணி நேரமும் முப்பது மணி நேரமும்

இந்தியச் செவிலியர் மன்றத்தின் பழைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் முதலாண்டில் ‘கணினி அறிமுகம்’ என்ற தாள் இருந்தது. பாடம் 15 மணி நேரம், செய்முறை 30 மணி நேரம். கணினியின் பாகங்கள், வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், இணையம், மின்னஞ்சல், புள்ளியியல் மென்பொருள், மருத்துவமனை மேலாண்மை முறை ஆகியவை அதில் அடங்கும். பெரும்பாலும் கணினி ஆசிரியர் வந்து நடத்தும் பாடம் அது. நோயாளியைப் பற்றிய கேள்வி ஒன்றுகூட எழாமலேயே அந்த 45 மணி நேரத்தையும் முடித்துவிட முடியும். நூலகர் அந்த வகுப்புக்குள் வர இடமே இல்லை. ஆராய்ச்சித் தாளோ மூன்றாம் ஆண்டில்தான் வரும். முதலாண்டில் கற்றது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

இதன் விளைவை முதுநிலை ஆய்வு முன்வரைவுகளில் காணலாம். கர்நாடகத்தில் எம்.எஸ்சி. நர்சிங் மாணவர்கள் தம் ஆய்வுத் தலைப்பைப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்யும்போது தரும் சுருக்கங்கள் பல இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆய்வின் தேவை, இலக்கிய மீளாய்வு, நோக்கங்கள், கருதுகோள் என்று எண் போட்ட சட்டகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அவற்றில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வருவது, ஒரு பொருள் பற்றி வகுப்பு எடுத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் அறிவைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு. பொருள் மாறும், வடிவம் மாறாது. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்பது இவ்வளவு முறை உறுதிசெய்யப்பட்ட பிறகும் மறுபடி அதையே சோதிப்பதற்குக் காரணம் மாணவரின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே என்ன தெரியும், எது இன்னும் தெரியாது என்று பிரித்தறியும் தேடலை யாரும் அவர்களுக்குக் கைபிடித்துக் காட்டவில்லை. இலக்கிய மீளாய்வு என்பது பத்திகளை அடுக்கும் சடங்காகிவிட்டது.

இரண்டு மணிக்கு ஒருமுறை

எடைபோடும் பயிற்சி எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலிய மாணவி முதலில் மனப்பாடம் செய்யும் விதிகளுள் ஒன்று. படுக்கைப்புண் வராமல் தடுப்பதற்காக அது. ஏன் இரண்டு மணி? மூன்று மணிக்கு ஒருமுறை என்றால் என்ன? பஞ்சு மெத்தைக்குப் பதில் நுரை மெத்தை இருந்தால் இடைவெளி மாறுமா?

இந்தக் கேள்வியைக் கூகுளில் இட்டால் மெத்தை விற்பவர்களின் பக்கங்கள் முன்வரிசையில் நிற்கும். பப்மெட்டில் தேடினால், பல பெயர்களில் எழுதப்பட்ட கட்டுரைகளை ஒரே தலைப்பின்கீழ் திரட்டித் தரும் பொருள்தலைப்பு அகராதி உதவிக்கு வரும். அங்கிருந்து, இடம் மாற்றிப் படுக்கவைப்பது பற்றிய காக்ரேன் மீளாய்வுக்குப் போகலாம். 2014-இல் வெளியாகி 2020-இல் புதுப்பிக்கப்பட்டது அது. எந்த இடைவெளி சிறந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பது அதன் முடிவு.

கற்பித்தல் உண்மையில் தொடங்குவது இந்த இடத்தில்தான். சான்று போதவில்லை என்றால் புரட்டிப் போட வேண்டியதில்லை என்று பொருளா? இல்லை. புரட்டுவதன் அவசியத்தை யாரும் மறுக்கவில்லை. இடைவெளியைத்தான் தீர்மானிக்க முடியவில்லை. அப்படியானால் இந்த நோயாளியின் தோல், எடை, உணவு, அவர் படும் வலி, இரவில் வார்டில் இருக்கும் செவிலியரின் எண்ணிக்கை, கூட இருக்கும் மகனோ மருமகளோ உதவ முடியுமா என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ப்ரன்னர்–சுட்டார்த் பாடநூலில் உள்ளதைப் பார்த்து எழுதும் பராமரிப்புத் திட்டத்துக்கும், இப்படி யோசித்து எழுதும் திட்டத்துக்கும் உள்ள தூரம்தான் தகவல் திறன். இதைக் கணினி அறையில் கற்றுக்கொடுக்க முடியாது. வார்டில் ஒரு செவிலிய ஆசிரியையும் நூலகத்தில் ஒரு நூலகரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே வாரத்தில் பேச வேண்டும். அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்கள் சங்கம் 2013-இல் செவிலியருக்கென்றே தனித் தகவல் திறன் தரங்களை வகுத்ததும் இந்தத் தேவையை உணர்ந்துதான்.

2021-க்குப் பிறகு

கொரோனா காலம் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டது. 2020-இல் வகுப்புகள் கைபேசிக்குள் வந்தன. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது கோவின் தளத்தில் பதிவில்லாமல் ஓர் ஊசியும் கணக்கில் சேரவில்லை. கிராமங்களில் துணைச் செவிலியராகப் பணிபுரியும் ஏ.என்.எம். சகோதரிகளுக்கு இப்படித் தரவு பதிவது புதிதல்ல. கர்ப்பிணியின் கையிலுள்ள ‘தாயி கார்டு’, பதிவேடு, தாய்-சேய் இணையத்தளம் என்று ஒரே விவரத்தைப் பல இடங்களில் எழுதும் சுமையை அவர்கள் பல ஆண்டுகளாகச் சுமந்துவருகிறார்கள். நைட்டிங்கேலின் வினாப்பட்டியலைப் போலவே இந்தத் தரவும் மேலே போகிறது. தன் கிராமத்தில் இந்த ஆண்டு இரத்தசோகை கூடியதா குறைந்ததா என்று அந்தச் சகோதரியே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அது திரும்பி வர வேண்டும்.

2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த பருவமுறைப் பாடத்திட்டம் பெரிய மாற்றம். இரண்டாம் பருவத்தில் ‘சுகாதார, செவிலியத் தகவலியலும் தொழில்நுட்பமும்’ என்ற தாள் வந்தது. பாடம் 40 மணி நேரம், ஆய்வகம் 40 மணி நேரம். மின்னணு மருத்துவப் பதிவு, நோயாளி பாதுகாப்பு, முடிவெடுக்கும் முறை, நோயாளிகளும் இணையமும், தகவல் சட்டம், சான்று சார்ந்த பணி என்று அலகுகள் விரிகின்றன. கணினியின் பாகங்களிலிருந்து நோயாளியின் உரிமை வரை பாடம் நகர்ந்திருக்கிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால், புண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது சரியா என்ற கேள்வியை முதலாண்டு மாணவியே எழுப்ப இடம் கிடைத்திருக்கிறது. இதை மனமார வரவேற்கிறேன்.

குறை இரண்டு. இரண்டாம் பருவ மாணவி இன்னும் நோயாளிகளை அதிகம் பார்க்காதவள். எடைபோட அவளிடம் கேள்வி இருக்காது. ஒரே தாளாக முடித்துவிடாமல் ஒவ்வொரு மருத்துவப் பாடத்தோடும் ஒரு தேடல் பணியை இணைத்தால்தான் அது நிலைக்கும். மற்றொன்று மொழி. மைசூருக்கு நர்சிங் படிக்க மண்டியா, சாமராஜநகரக் கிராமங்களிலிருந்து கன்னட வழிப் பிள்ளைகளும், கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகளும் வருகிறார்கள். தரவுத்தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி கன்னடத்தில் கேட்கிறார். படித்ததை அவர் மொழியில் பிழையின்றிச் சொல்வதும் தகவல் திறனின் பகுதியே, ஆனால் எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969 முதல் மைசூரில்தான் இருக்கிறது. உயர்கல்வி நூல்களை இந்திய மொழிகளில் பெயர்க்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் 2008 முதல் அதே வளாகத்தில் நடக்கிறது. அங்கிருந்து மானசகங்கோத்ரியின் நூலகவியல் துறை கூப்பிடு தூரம், கே.ஆர். மருத்துவமனை வார்டுகளுக்கு நகரப் பேருந்தில் போய்விடலாம். செவிலியக் கல்லூரி ஒன்று, ஒரே ஒரு பருவத்துக்கு, ஒரு நூலகரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் தன் வார்டுப் பயிற்சிக்கு அழைத்தால் போதும். படுக்கைப்புண்ணோ, தாய்ப்பாலோ, இன்சுலின் ஊசியோ, மாணவிகளே கேள்வி எழுப்பி, சான்று தேடி, எடைபோட்டு, கன்னடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் நோயாளியின் வீட்டாருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்புகளை வித்யாநிதி ஆய்வேடுகளைப் போல் திறந்த தளத்தில் சேமித்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவிகள் முந்தையவர்கள் விட்ட இடத்திலிருந்து தம் கேள்வியைத் தொடங்குவார்கள்.