பொருத்துக் கணினி

பொருத்துக் கணினி என்பது செயலி, தாய்ப்பலகை, நினைவகம் முதலிய பாகங்களைத் தனித்தனியே தெரிவுசெய்து வாங்கி, ஒன்றிணைத்து உருவாக்கப்படும் மேசைக்கணினி ஆகும். கடைத்தெருவில் இது ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ என்றும், ஒரு நிறுவனத்தின் பெயருடன் முழுமையாக விற்கப்படும் கணினி ‘பிராண்டட் சிஸ்டம்’ என்றும் வழங்கப்படுகின்றன. மாணவர்கள், சிறு அலுவலகங்கள், அச்சகங்கள், ஒளிப்படக் கூடங்கள் ஆகியவற்றில் பொருத்துக் கணினிகள் பெருமளவில் பயன்படுகின்றன. எந்தப் பாகத்திற்கு எவ்வளவு செலவிடுவது என்பதை வாங்குபவரே முடிவுசெய்ய இயலும் என்பது இதன் முதன்மையான நன்மை. தவறான தெரிவால் வரும் இழப்பும் வாங்குபவரையே சேரும்.

பின்னணி

1981 ஆகத்து மாதத்தில் ஐ.பி.எம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, பெரும்பாலும் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே உருவாக்கப்பட்டிருந்தது. அதனோடு ஒத்தியங்கும் கணினிகளைப் பிற நிறுவனங்களும் உருவாக்கத் தொடங்கியதால், பாகங்கள் ஒரு பொதுவான வடிவமைப்பைப் பெற்றன. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் சீர்தரம் தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்புகள் ஆகியவற்றை வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் பலகையை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருத்த முடிவது இச்சீர்தரத்தினால்தான்.

தமிழ்நாட்டில் பாக விற்பனைக்குப் பெயர்பெற்ற இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு ஆகும். தில்லியின் நேரு பிளேசு, மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எசு.பி. சாலை ஆகியவை இத்தகைய பிற சந்தைகள். புதுச்சேரி ஒன்றியப் பகுதி முத்திரைக் கணினி உற்பத்தியில் இடம்பெற்ற பகுதியாகும், எச்.சி.எல் முன்னர் இங்கு கணினிகளை உருவாக்கியது, லெனோவோவின் ஆலையும் இங்குள்ளது. எனினும், உப்பளம் போன்ற நகர்ப்பகுதிகளில் பொருத்துக் கணினி வாங்குவோர் உள்ளூர்க் கடைகளையோ, இணையக் கடைகளையோ, ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னையையோ நாட வேண்டும். 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் இரு இடங்களிலும் வரி விகிதம் ஒன்றே என்பதால், வரிக்காக ஊர் மாறி வாங்குவதில் பயனில்லை.

பாகங்களைத் தெரிவுசெய்தல்

முதலில் பயன்பாட்டை வரையறுத்து, அதற்குரிய பாகத்திற்கே கூடுதல் தொகை ஒதுக்கப்பட வேண்டும். எழுத்துப்பணி, நிரலாக்கப் பயிற்சி ஆகியவற்றிற்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. விளையாட்டு, முப்பரிமாண வரைவு ஆகியவற்றிற்கு அதுவே மிகுந்த செலவுடைய பாகமாக அமையும்.

• செயலி: இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்னும் எழுத்தில் முடிந்தால், அதில் உள்ளமைந்த வரைகலை இல்லை. ஏ.எம்.டி ரைசன் 5 5600 செயலியிலும் அது இல்லை. 5600ஜி செயலியில் உண்டு. விலை சற்றுக் குறைவு என்பதற்காக இவ்வகையை வாங்குவோர், தனி வரைகலை அட்டை இன்றித் திரையில் படம் பெற இயலாது.

• தாய்ப்பலகை: செயலியின் பொருத்துவாய் பலகையோடு ஒத்திருக்க வேண்டும். ஏ.எம்.டியின் ஏ.எம்4 பலகைகள் டிடிஆர்4 நினைவகத்தையும், 2022இல் வெளிவந்த ஏ.எம்5 பலகைகள் டிடிஆர்5 நினைவகத்தையும் ஏற்கும். இன்டெலின் எல்.ஜி.ஏ 1700 பலகைகளில் இரு வகைகளும் உண்டு. ஆனால் ஒரு வகைக்கான செருகுவாயில் மற்றதைச் செருக முடியாது. பழைய இருப்பிலுள்ள பலகை, புதிய செயலியை அறிய பயாசு இற்றைப்படுத்தல் தேவைப்படலாம்.

• நினைவகம்: 16 கிகாபைட்டு ஒரே பட்டையைவிட 8 கிகாபைட்டுப் பட்டைகள் இரண்டு, இரு தடங்களில் இயங்குவதால் விரைவானவை. உள்ளமைந்த வரைகலை, முதன்மை நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால் அங்கு இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். இரண்டே செருகுவாய்கள் உள்ள பலகையில் இரண்டும் நிரம்பிவிடும் என்பதையும் கருத வேண்டும்.

• சேமிப்பகம்: சாட்டா வகைத் திண்மநிலைச் சேமிப்பகம் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு வரை படிக்கும், என்.வி.எம்.இ வகை இதைவிடப் பன்மடங்கு விரைவானது. சுழலும் வன்தட்டிலிருந்து இவற்றுள் எதற்கு மாறினாலும் அன்றாடப் பயன்பாட்டில் வேறுபாடு பெரிது. வன்தட்டு, மிகுதியான கோப்புகளைக் குறைந்த செலவில் சேமித்து வைக்க ஏற்றது.

• மின்வழங்கி: செலவைக் குறைக்கும்போது பெரும்பாலும் முதலில் வெட்டப்படும் பாகம் இதுவே. பெட்டியுடன் சேர்த்து மலிவாகத் தரப்படும் மின்வழங்கிகளில் குறிக்கப்பட்ட வாட்டு அளவு நம்பத்தக்கதாக இராது. பழுதான மின்வழங்கி, தாய்ப்பலகையையும் சேமிப்பகத்தையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிக்குத் தரமான 400 முதல் 450 வாட்டு மின்வழங்கி போதுமானது. 80 பிளசு அடிப்படைச் சான்று 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காட்டுத் திறனைக் குறிக்கும்.

கடலோர நகரங்களில் கவனிக்க வேண்டியவை

புதுச்சேரி நகரின் தென்பகுதியில் கடலருகே அமைந்த உப்பளம் போன்ற இடங்களில், உப்புக் கலந்த ஈரக்காற்று பெட்டியின் இரும்புத் தகட்டையும் திருகுகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிவதால் நல்ல நிலையிலுள்ள கணினியும் இயங்க மறுக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினால் பல நேரங்களில் இது சரியாகும். கணினியைச் சாளரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைப்பது நன்று.

2011 திசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் தடைபட்டது. அத்தகைய நீண்ட தடைக்கு யு.பி.எசு தீர்வாகாது, கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்தும் சில நிமிடங்களையே அது தரும். 600 விஏ என்பது 600 வாட்டு அன்று. இவ்வகைக் கருவிகள் பொதுவாக 360 வாட்டு அளவையே தாங்கும். நிலத்தொடுப்பு உள்ள மூன்று முனை மின்வாய் இன்றியமையாதது.

வாங்கும் முறை

பாக விலைகள் உலக நிகழ்வுகளால் மாறுபவை. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தால் வன்தட்டு விலையும், 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலையும் உயர்ந்தன. எனவே, பழைய விலைப்பட்டியலைக் கொண்டு திட்டமிடுதல் பயன்தராது. ஒரே நாளில் இரண்டு மூன்று கடைகளில், ஒவ்வொரு பாகத்திற்கும் முழு மாதிரிப் பெயருடன் விலைப்புள்ளி பெற்று ஒப்பிட வேண்டும். ‘ஐ3, 8 ஜிபி’ என்று மட்டும் எழுதப்பட்ட விலைப்புள்ளி ஒப்பீட்டிற்கு உதவாது. ஐ3 என்னும் பெயரில் பல தலைமுறைச் செயலிகள் உள்ளன.

பொருத்துக் கணினிக்கு ஒட்டுமொத்த உத்தரவாதம் இல்லை; ஒவ்வொரு பாகத்திற்கும் தனித்தனி உத்தரவாதமே உண்டு. பட்டியல் வேண்டாமெனில் விலை குறையும் எனக் கடைக்காரர் கூறினும், தொடரெண்களுடன் கூடிய வரிப் பட்டியல் பெறுவதே பாதுகாப்பானது. அது இல்லாவிடில் உத்தரவாதம் கோருவது கடினம்.

மென்பொருளும் மாற்றுவழிகளும்

இயங்குதளத்தின் விலையும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். உபுண்டு, சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாசு லினக்சு ஆகியவை கட்டணமின்றிக் கிடைப்பவை. விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான செயலிகளை ஏற்பதில்லை. இதனால் கைவிடப்படும் பழைய அலுவலகக் கணினிகள், நினைவகமும் திண்மநிலைச் சேமிப்பகமும் சேர்க்கப்பட்டால் லினக்சுடன் படிப்பிற்குப் போதுமானவையாக இருக்கும். மிகக் குறைந்த தொகை உடையோர்க்குப் புதிய பொருத்துக் கணினியைவிட இதுவே ஏற்றது. எனினும், சில முத்திரைக் கணினிகளின் மின்வழங்கியும் பலகையும் தனி வடிவமுடையவை. எனவே, பின்னர் பாகங்களை மாற்ற இயலுமா என்பதை வாங்குமுன் திறந்து பார்த்து அறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

• தாய்ப்பலகை
• மையச் செயற்பகுதி
• ரிச்சி தெரு
• மின்னணுக் கழிவு